தங்கத்தாள் மிட்டாயும் மணிக்கு நூற்று நாற்பது டன்னும்

ஒரு நாட்டின் உயர்வை அதன் மலைகளை வைத்து அளப்பது அறியாமை. மலை தானாக நிற்கிறது. அதில் யாருடைய உழைப்பும் இல்லை. தன் கோதுமையை ஒரு நாடு எவ்வளவு உயரம் தூக்குகிறது என்பதே சரியான அளவுகோல். அந்தக் கணக்கில், சுற்றிலும் எண்பது கிலோமீட்டருக்கு ஒரு மேடுகூட இல்லாத எங்கள் ஊர் கராசோர் உலகின் சிகரங்களுள் ஒன்று. எங்கள் தானியக் கோபுரம் கோதுமையை ஐம்பது மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது. அதன் அறிக்கைகளை இருபது ஆண்டுகளாக எழுதிவரும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

இப்பேர்ப்பட்ட நிறுவனத்தில், போன செப்டம்பரில், ஒரு மிட்டாய் மேலே போக மறுத்தது.

சின்ன விஷயம்தான். ஆனால் எனக்கு மூன்று நாள் விளங்கவில்லை.

முதலில் எங்கள் இயந்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றிப் பேச எனக்கு யாராவது வாய்ப்புக் கொடுத்தால் லேசில் விடமாட்டேன். கோபுரத்தின் உள்ளே நீளமான ரப்பர் பட்டை ஒன்று செங்குத்தாகத் தொங்குகிறது. கீழே ஓர் உருளை, உச்சியில் ஓர் உருளை; இரண்டையும் சுற்றி அந்தப் பட்டை ஓடுகிறது. பட்டையில் சாண் இடைவெளிக்கு ஒன்றாக வாளிகள். லாரி கொட்டும் கோதுமை, குழியின் மேலிருக்கும் இரும்புக் கம்பிகளின் வழியே விழுந்து கீழ் உருளையிடம் வரும். வாளிகள் அதை மொண்டுகொண்டு ஏறும். உச்சியில் உருளையைச் சுற்றி வளையும்போது வாளியிலிருப்பது வெளியே பாய்ந்து, எதிரே காத்திருக்கும் குழாய்க்குள் விழும். காலி வாளி கவிழ்ந்தபடி இறங்கும். மறுபடி மொள்ளும். இதற்கு எங்கள் பக்கம் 'நோரியா' என்று பெயர். உச்சிக்குத் 'தலை' என்றும், அடிக்கு 'பூட்ஸ்' என்றும் சொல்வோம். தலையில் எதுவும் தங்கக் கூடாது என்பது நோரியாவின் விதி. நான் யாரையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை.

எங்கள் இயக்குநர் ஜுமகாசிக்கு நாற்பத்தொரு வயது. பெயரின் தொடக்கத்தோடு 'கே' சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் மரியாதை. அவரை நாங்கள் ஜுக்கே என்போம். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவனான மிர்சகாலி என்ற என்னை, அவர் பெருந்தன்மையோடு மிர்செக்கே என்பார். வந்த மறு மாதமே அவர் கண்டுபிடித்த குறை, நோரியா மெதுவாகச் சுற்றுகிறது என்பது.

"நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்தா? இது நாப்பது வருஷமா இப்படியேவா சுத்துது?" என்றார்.

"ஆமா ஜுக்கே."

"ஒருத்தனுக்குக்கூட வேகமாச் சுத்தலாமேன்னு தோணல?"

தோன்றவில்லை. நாங்கள் பின்தங்கியவர்கள். அவர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் பெட்டி ஒன்றை வரவழைத்தார். நாற்பத்தைந்து அறுபத்து மூன்றானது. நாற்பது சதவீத 'வளர்ச்சி'. முன்கூடத்தில் ஆள் உயரத் திரை ஒன்று மாட்டப்பட்டது. பட்டையில் கடந்துபோகும் வாளிகளை ஒரு மின்கண் எண்ணும்; திரை அதை வாளியின் கொள்ளளவால் பெருக்கி, மணிக்கு இத்தனை டன் என்று பச்சை எழுத்தில் காட்டும். வாளியில் கோதுமை இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்பது மின்கண்ணுக்குத் தெரியாது. அது வாளியை நம்பியது. திரை மின்கண்ணை நம்பியது. நாங்கள் திரையை நம்பினோம். நம்பிக்கை இல்லாமல் ஒரு நிறுவனம் எப்படி நடக்கும்?

முன்பு நூறு காட்டியிருக்க வேண்டிய இடத்தில் இப்போது நூற்று நாற்பது.

திங்கட்கிழமை திறப்பு விழா. நல்ல காரியம் என்றால் நாங்கள் மிட்டாயை வாரி இறைப்போம். அதற்கு ஷாஷு என்று பெயர். கல்யாணத்தில் மணப்பெண் தலைமேல், குழந்தை முதல் அடி வைக்கும்போது அதன் காலடியில் இறைப்பது வழக்கம். இயந்திரத்துக்கும் இறைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் ஜுக்கே. 'சாதனை 140' என்று அச்சடித்த தங்கத்தாள் சுற்றி இருபது கிலோ மிட்டாய் செய்யச் சொன்னார். வாசகம் என்னுடையது. விழாவில் கணக்குப் பிரிவுப் பெண்கள் கைகொள்ளாமல் அள்ளி வீசினார்கள். எல்லோரும் குனிந்து பொறுக்கினோம். பாதி மிட்டாய் கம்பிகளின் இடுக்கு வழியே லாரிக் குழிக்குள் விழுந்து கோதுமையோடு போயிற்று.

"போகட்டும்! மேலே போயி கோதுமைக்கும் இனிக்கட்டும்!" என்றார் ஜுக்கே. கைதட்டல்.

ஒன்றரை மணி நேரத்தில் நோரியா அடைத்துக்கொண்டது.

பூட்ஸில் கோதுமை நிரம்பி வாளிகள் திணறி, மோட்டார் தானே நின்றுவிட்டது. மெக்கானிக் ஃப்ரீதா பூட்ஸின் பக்கக் கதவைத் திறந்து மண்வெட்டியால் கோதுமையை அள்ளி வெளியே போட்டாள். ஃப்ரீதாவின் முன்னோர் ஜெர்மன்காரர்கள். அவளோ இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரின் கெட்ட வார்த்தைகள் அனைத்தையும் எங்களைவிடச் சுத்தமாக உச்சரிப்பவள். அவள் அள்ளியதில் தங்கத்தாள் மிட்டாய் பதினொன்று இருந்தது.

"மிர்செக்கே, உங்க சாதனை இங்கேயே கிடக்குது," என்றாள்.

மதியம் மறுபடி அடைத்தது. மறுபடி மிட்டாய். செவ்வாய்க்கிழமை மூன்று முறை. மூன்று முறையும் மிட்டாய். ஐம்பது மீட்டரை வாளி பதினேழு விநாடியில் ஏறிவிடுகிறது. திங்கட்கிழமை காலை குழியில் விழுந்த மிட்டாய் செவ்வாய் மாலையிலும் ஏன் அடியிலேயே இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை 'ஐந்து நிமிடம்' கூடியது. எங்கள் காலைக் கூட்டத்துக்கு அதுதான் பெயர். வழக்கமாக ஒன்றே முக்கால் மணி நேரம் நடக்கும். பதினாறு பேர். நான் குறிப்பு எழுதினேன்.

"நேத்து திரையில மணிக்கு நூத்தி நாப்பது. ஒரு நிமிஷம்கூட குறையல. எல்லாருக்கும் வாழ்த்து," என்றார் ஜுக்கே.

"அடைச்சு நின்னப்ப?" என்றாள் ஃப்ரீதா.

"நின்னத நான் சேக்கல. ஓடுன நேரத்த மட்டும் சொல்றேன்."

"ஓடுன நேரத்துல லாரியிலேர்ந்து இறங்குனது மணிக்கு அறுபது டன் ஜுக்கே. எடைமேடைச் சீட்டு என் கையில இருக்கு. கீழ வந்தது அறுபது. மேல போனது நூத்தி நாப்பதா?"

 ஜுக்கேயின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ மீதி எண்பது டன் நாமளே உண்டாக்கினது! மிர்செக்கே, இத எழுதுங்க!"

எழுதினேன்.

பத்து மணிக்கு நிதானம் வந்து, எடைமேடை 'பின்தங்கிய' கருவி என்றும், அதை விசாரிக்க ஐவர் குழு அமைப்பது என்றும் முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மாகாணத் தலைமையிலிருந்து ஒருவர் வருகிறார். அதுவரை திரையில் ஒரு டன்கூடக் குறையக் கூடாது.

இதற்கிடையே வாசலில் லாரி வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக மணிக்கு ஐந்து லாரி உள்ளே வரும். இப்போது மூன்று, அடைத்தால் அதுவும் இல்லை. புதன்கிழமை காலை வரிசை ரயில் பாதையைத் தாண்டியிருந்தது. நாற்பத்து மூன்றாவது, நாற்பத்து நான்காவது, நாற்பத்தைந்தாவது லாரிகள் பல்கியா என்ற விவசாயியுடையவை. முந்நூறு ஹெக்டேரில் மழைக்கு நடுவே அவள் அறுத்துக் காப்பாற்றியது இந்த மூன்று லாரிதான். வரிசையில் அது அவளுக்கு மூன்றாவது நாள்.

"அண்ணே, இங்க வாங்க," என்று லாரியின் மேலிருந்து கூப்பிட்டாள். "ஏறுங்க. தார்ப்பாயத் தூக்கிக் கைய விடுங்க. நல்லா உள்ள. முழங்கை வரைக்கும்."

விட்டேன். ஈரக் கோதுமையின் உள்ளே கை வெதுவெதுத்தது.

"எப்படி இருக்கு?"

"சூடேறுது."

"காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்குல்ல? ஈரம் எடுக்குற உலர்த்தி உங்க உள்ளதான் இருக்கு. நாளைக்குள்ள அதுல போகலன்னா வாசம் மாறிடும். வாசம் மாறுனா உங்க ஆய்வுக்கூடத்துப் பொண்ணு மூக்கச் சுளிச்சுக்கிட்டு, 'மாட்டுத் தீவனம்'னு ஒரு வார்த்த எழுதுவா. என் வருஷம் முடிஞ்சுது. உங்க வாசல்ல என்னண்ணே போட்டிருக்கு? வாசிங்க."

வாசலில் பெரிய பதாகை. மணிக்கு நூற்று நாற்பது டன்.

"அது நீங்க எழுதுனதுதானே?"

"ஆமா."

"எழுத்து நல்லா இருக்கு," என்றாள். ஒரு உலர்ந்த தயிர் உருண்டையை என் கையில் வைத்தாள். "இந்தாங்க, கடிங்க. பல்லு வலிக்கட்டும்."

கடித்துக்கொண்டே பூட்ஸ் அறைக்குப் போனேன். அன்றைக்கு முதல் அடைப்பு. ஃப்ரீதா மண்வெட்டியோடு நின்றாள். அவள் காலடியில் தங்கத்தாள்கள் மின்னின.

"வாளியில ஏறாமக் கீழயே கிடக்குதோ?" என்றேன்.

"ஏறாமலா? கோதுமைய மொள்ற வாளி மிட்டாய மட்டும் விலக்கி வைக்குமா?"

"ஏறிப் போயிட்டுத் திரும்பி வருதோ?"

"அத எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஓடுறப்ப உள்ள தலைய விட்டுப் பாக்கவா?"

இருவரும் யோசித்தோம். அவளுடைய சாப்பாட்டு டப்பா ஜன்னலோரம் திறந்திருந்தது. துருவிய பீட்ரூட்.

இயந்திரங்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன்: அவை பொய் சொல்வதில்லை; நாம் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நோரியாவின் தலைக்கு மேலே தகரக் கூரை உண்டு. உள்ளிருந்து பார்த்தால் கவிழ்த்த அண்டாபோல் இருக்கும். கோதுமை ஒழுங்காக எதிரேயுள்ள குழாய்க்குள் பாய்ந்தால் அந்தக் கூரையின் உச்சியை அது தொடவே தொடாது. ஆகவே கூரையின் உட்புறத்தில் பீட்ரூட்டைத் தேய்த்துவைத்தால்?

நோரியா நின்றிருக்கும்போதே ஏறினேன். ஆள் ஏறும் மின்தூக்கிக்குள் வெள்ளிக்கிழமை விருந்தாளிக்காகக் கம்பளம் விரித்து, மலர்க்கொத்து வைத்துப் பூட்டியிருந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு படி. ஒவ்வொரு தளத்திலும் என் வாசகம் ஒன்று ஒட்டியிருந்தது. நான்காம் தளத்தில் 'மேலே! இன்னும் மேலே!' என்றிருந்ததை நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வாசித்தேன். உச்சியில் பார்வைக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, ஃப்ரீதாவின் மதியச் சாப்பாட்டைக் கூரை முழுக்க அப்பினேன். கதவை மூடி, இறங்கி, சைகை காட்டினேன். அவள் மோட்டாரை ஓட்டினாள். பத்து நிமிடத்தில் நிறுத்தினாள். பூட்ஸைத் திறந்தோம்.

மிட்டாய் மூன்றின் தங்கத்தாள் சிவந்திருந்தது. அள்ளிய கோதுமையிலும் கைப்பிடிக்குப் பத்துச் சிவப்பு மணிகள்.

"ஏறிப் போயி, மண்டைய இடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு," என்றாள் ஃப்ரீதா.

பால் வாளியைக் கையில் பிடித்துத் தலைக்கு மேலாகச் சுழற்றிப் பாருங்கள். மிக மெதுவாகச் சுழற்றினால் பால் உங்கள் தலையில் கொட்டும். வேகமாகச் சுழற்றினால் வாளியோடு ஒட்டிக்கொண்டு வெளியே இழுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் உண்டு: உச்சியில் பால் எடையே இல்லாததுபோல் ஒரு கணம் மிதக்கும். எங்கள் உருளையின் அகலத்துக்கு அந்த வேகம் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. அந்த வேகத்தில் கோதுமை மிதந்து, வாளி கவிழும்போது நழுவி, நேரே குழாய்க்குள் போகும். நாற்பது வருடத்துக்கு முன் யாரோ காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். வேகத்தை நாற்பது சதவீதம் கூட்டினால் வெளியே இழுக்கும் விசை நாற்பது சதவீதம் கூடாது, இரண்டு மடங்காகும். வாளி உச்சிக்கு வருமுன்பே கோதுமை மேல்நோக்கித் தெறித்து, கூரையில் மோதி, வந்த வழியே ஐம்பது மீட்டர் கீழே கொட்டுகிறது. கீழே வாளிகள் அதையே மறுபடி மொள்கின்றன. மின்கண் மறுபடி எண்ணுகிறது. மொண்டு மாளாதபோது பூட்ஸ் நிரம்பி அடைக்கிறது.

ஜுக்கே உண்டாக்கிய அந்த எண்பது டன் இதுதான். ஒரே கோதுமையை இரண்டு மூன்று முறை தூக்கிக் கீழே போட்டிருக்கிறோம்.

சிவந்த மிட்டாயைத் தட்டில் வைத்து இயக்குநர் அறைக்குக் கொண்டுபோனோம்.

"என் மிட்டாய்க்கு யாரு சாயம் பூசினது?" என்றார்.

விளக்கினேன். பால் வாளியைச் சொன்னேன். மேசையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைச் சுழற்றியும் காட்டினேன். அவர் ஆழ்ந்து கேட்டார். அவருடைய சிறப்பே அதுதான். எதையும் முழுமையாகக் கேட்டபிறகுதான் ஒதுக்குவார்.

"சரி. நாப்பத்தஞ்சுக்கு இறக்குனா திரையில என்ன வரும்?"

"நூறு."

"நூத்தி நாப்பதுன்னு மாகாணத்துக்கு எழுதியாச்சு. எழுதுனது யாரு?"

"நான்தான் ஜுக்கே."

"உங்க எழுத்தப் பொய்யாக்க எனக்கு மனசு வரல மிர்செக்கே," என்றார் உருக்கத்துடன். "வெள்ளிக்கிழமை முடியட்டும். சனிக்கிழமை இறக்கிக்கலாம்."

"சனிக்கிழமை பல்கியாவோட கோதுமை மாட்டுக்குத்தான் போகும்," என்றாள் ஃப்ரீதா. "வெளிய ஐம்பது லாரி நிக்குது. விருந்தாளி அத்தனையையும் தாண்டித்தான் உள்ள வரணும். கார் ஜன்னல் வழியா எண்ணிக்கிட்டே வருவாரு."

இதை ஜுக்கே யோசித்திருக்கவில்லை. ஜன்னலுக்கு எழுந்துபோய் வரிசையைப் பார்த்தார். அது ரயில் பாதைக்கு அப்பால் போய், சமவெளியில் மறைந்தது.

"வரிசையும் இருக்கக் கூடாது. திரையும் குறையக் கூடாது," என்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். அலமாரியின் மேல், கோடை முடிந்து உறைபோட்டு வைத்த மேஜை மின்விசிறி ஒன்று இருந்தது. மூன்று பொத்தான் உடையது.

"குறையாது ஜுக்கே. அந்த மின்விசிறியக் கொடுங்க."

"எதுக்கு?" என்று தொடங்கி, சட்டென்று கையை உயர்த்தினார். "வேணாம். எப்படின்னு எனக்குச் சொல்லாதீங்க."

தலைமைப் பண்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை மதியம் ஃப்ரீதா வேகப் பெட்டியை நாற்பத்தைந்துக்கு இறக்கினாள். நோரியாவின் சத்தமே மாறிற்று. இருமிக்கொண்டிருந்தவன் மூச்சுவிடத் தொடங்கியதுபோல் இருந்தது. அதன்பின் அது ஒரு முறைகூட அடைக்கவில்லை. தங்கத்தாள் மிட்டாய்களெல்லாம் இருபத்து நான்கே விநாடியில் மேலே போய், குழாயில் விழுந்து, சல்லடையில் பிடிபட்டன.

மின்கண்ணைப் பட்டையிலிருந்து கழற்றி, கூடத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் மின்விசிறிக்கு முன்னே நிறுத்தினேன். ஓர் இறக்கையில் தகரத் துண்டு ஒட்டினேன். முதல் பொத்தானில் திரை தொண்ணூற்றாறு காட்டியது. இரண்டாவதில் நூற்று நாற்பத்தொன்று. இரண்டாவதிலேயே விட்டுவிட்டோம்.

அன்று இரவும் ஓட்டி, பதினொரு மணிக்குப் பல்கியாவின் முதல் லாரி குழியின் மேல் வந்து நின்றது. ஆய்வுக்கூடத்துப் பெண் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பல்கியா அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈரம் ஜாஸ்தி. வாசம் பரவால்ல. உலர்த்திக்கு," என்று எழுதினாள் அந்தப் பெண்.

 கோதுமை இறங்கி முடியும்வரை பல்கியா குழியோரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "திரையில இன்னும் நூத்தி நாப்பத்தொண்ணு ஓடுது, ஆனா இப்ப வேல நடக்குது. எப்படிண்ணே?" என்றாள்.

"இப்ப எங்களோட தொழில்நுட்பம் ரெண்டா பிரிஞ்சிருக்கு," என்றேன்.

வெள்ளிக்கிழமை விருந்தாளி வந்தார். வாசலில் ஒரு லாரிகூட நிற்கவில்லை. கம்பளம் விரித்த மின்தூக்கியில் ஏறி இறங்கினார், எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டை தின்றார், திரையின் முன் நின்று தலையாட்டினார்.

"நூத்தி நாப்பத்தொண்ணு. இன்னும் கூட்ட முடியுமா?"

"முடியும்!" என்றார் ஜுக்கே. "ஃப்ரீதா, ஏத்து!"

சாமான் அறையில் ஃப்ரீதா மூன்றாவது பொத்தானை அழுத்தினாள். திரையில் நூற்று எண்பத்தேழு. விருந்தாளி கைதட்டினார். கணக்குப் பிரிவுப் பெண்கள் மீதமிருந்த மிட்டாயை வாரி இறைத்தார்கள்.

வசந்தத்தில் ஜுக்கே மாகாணத் தலைமைக்கு உயர்ந்தார். அவர் இட்ட முதல் ஆணை, ஏழு தானியக் கோபுரங்களிலும் 'கராசோர் முறை'யைப் பின்பற்ற வேண்டும் என்பது. செய்முறை விளக்கம் ஒரு பக்கத்துக்கு மிகாமல் அனுப்பும்படி எனக்கு உத்தரவு வந்தது. ஒரு பக்கம் தேவைப்படவில்லை. எழுதி அனுப்பியது இவ்வளவுதான்:

"நோரியாவின் மேல் உருளையை நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் வையுங்கள், அது கோதுமையைத் தூக்கும். மேஜை மின்விசிறியை மூன்றாவது பொத்தானில் வையுங்கள். அது இயக்குநரைத் தூக்கும். இரண்டையும் ஒரே மோட்டாரில் இணைக்க வேண்டாம். கோதுமை கீழே விழுந்துவிடும்."